அமெரிக்கப் பழைய குடியுரிமைப் பதிவுகளுக்குப் பெயரடைவு தயாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து போய் அமெரிக்கக் குடிமக்கள் ஆனவர்களின் பழைய நீதிமன்றக் காகிதங்களைப் படித்து, பெயர், தேதி, ஊர் ஆகியவற்றைக் கணினியில் ஏற்றும் வேலையைத் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே செய்கிறார்கள். இன்டெக்ஸிங் என்பார்கள்; இங்கே பெயரடைவு என்றே சொல்கிறேன். நானும் ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறவன்தான். புதிதாக வருகிறவர்களும், தாத்தாவைத் தேடி வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குடியுரிமைப் பதிவு என்றால் ஒரு சான்றிதழ்தானே? அதில் படிக்க என்ன இருக்கிறது?

சான்றிதழ் கடைசியில் கைக்கு வருவது. அதற்கு முன்னால் ஒரு காகிதக் கட்டே உண்டு. வந்தவர் முதலில் ஒரு நீதிமன்றத்தில், "குடிமகனாக எண்ணம் கொண்டிருக்கிறேன், என் பழைய மன்னருக்கு இனி விசுவாசம் இல்லை" என்று அறிவிக்க வேண்டும். மக்கள் பேச்சில் இதற்கு 'முதல் காகிதம்' என்று பெயர். சில வருடம் கழித்து மனு போட வேண்டும். அது 'இரண்டாம் காகிதம்'. மனுவோடு சாட்சிகளின் வாக்குமூலமும் விசுவாச உறுதிமொழியும் சேரும். எல்லாம் முடிந்த பிறகுதான் சான்றிதழ்.

சான்றிதழை அவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். நீதிமன்றத்தில் மிஞ்சியது அடிக்கட்டைதான். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு உண்மையான புதையல் மனு. அதைத் தொலைத்துவிட்டுச் சான்றிதழைத் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போட்டுவிட்டார்களே, பெயரடைவு எதற்கு?

நம் ஊரில் வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். அது பத்திரம் அல்ல. எந்த வருடம், எந்த எண்ணில் பத்திரம் இருக்கிறது என்று கை காட்டும். அந்த எண் இல்லாமல் பதிவு அலுவலகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெயரடைவும் அப்படித்தான்.

அமெரிக்கச் சிக்கல் இதைவிடப் பெரியது. 1790-இல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம், பதிவேடு வைத்திருக்கும் எந்த நீதிமன்றமும் குடியுரிமை தரலாம் என்றது. மாவட்ட நீதிமன்றம், நகர நீதிமன்றம், மாநில உயர் நீதிமன்றம், கூட்டாட்சி நீதிமன்றம் எதுவானாலும் சரி. ஒருவர் கப்பலிலிருந்து இறங்கி நியூயார்க்கில் முதல் காகிதம் போட்டிருப்பார். வேலை தேடி ஓஹையோ போய், அங்கே மூன்று வருடம் இருந்து, கடைசியில் விஸ்கான்சினில் மனு கொடுத்திருப்பார். எந்த ஊர் நீதிமன்றத்தில் என்று தெரியாமல் ஸ்கேன் படங்களைப் புரட்டுவது வைக்கோல்போரில் ஊசி தேடுவதுதான்.

எல்லோரும் 1906, 1906 என்கிறார்களே, அந்த வருடத்தில் அப்படி என்ன நடந்தது?

இதை நன்றாகப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1906 ஜூன் 29 அன்று நிறைவேறிய சட்டம் செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நீதிமன்றமும் தன் இஷ்டத்துக்குப் படிவம் அச்சடித்தது. சிலவற்றில் பெயரும் பழைய நாடும் தேதியும் மட்டும்தான் இருக்கும். "அயர்லாந்து" என்று ஒரே சொல்லோடு முடிந்துவிடும். எந்த ஊர், எந்த மாவட்டம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டுப்பாடு இல்லாததால் மோசடியும் தாராளமாக நடந்தது. 1868 அதிபர் தேர்தலுக்கு முன்னால் நியூயார்க் நீதிமன்றங்கள் சில வாரங்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் குடிமக்களாக்கித் தள்ளின. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுவே வந்து விசாரித்தது. அந்த அக்டோபர் மாதக் காகிதங்களில் ஒரே ஆள் பலருக்குச் சாட்சியாக நிற்பதைக் கண்டால், "இவர் என் தாத்தாவுக்கு நெருங்கிய சொந்தமாக இருப்பார்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் வாசலில் காத்திருந்த ஆளாகவும் இருக்கலாம்.

1906-க்குப் பிறகு நாடு முழுக்க ஒரே படிவம். பிறந்த தேதி, பிறந்த ஊர், தொழில், வந்த கப்பல், வந்த தேதி, இறங்கிய துறைமுகம், மனைவி பெயர், பிள்ளைகளின் பெயர், அவர்கள் பிறந்த தேதியும் ஊரும் எல்லாம் வரிசையாக இருக்கும். அந்தச் சட்டத்துக்குப் பிறகு வந்து இறங்கியவர் என்றால், கப்பல் பட்டியலோடு சரிபார்த்து வருகைச் சான்றும் இணைக்க வேண்டும். ஒரு பிரதி வாஷிங்டனுக்குப் போனது. 1929 ஜூலையிலிருந்து புகைப்படமும் ஒட்டினார்கள். கொள்ளுத்தாத்தாவின் முகத்தை முதல்முதலாக இந்தக் காகிதத்தில் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

இந்த வேலையின் அடிப்படை விதி என்ன?

கண்ணுக்குத் தெரிவதை எழுது. மனதுக்குத் தெரிந்ததை எழுதாதே. இவ்வளவுதான். ஆனால் கடைப்பிடிப்பது கஷ்டம்.

ஊர் பெயரை எழுத்தர் தப்பாக எழுதியிருப்பது கண்ணெதிரே தெரியும், கை துடிக்கும். திருத்தக் கூடாது. அவர் எழுதிய தப்புதான் ஆவணம். நீங்கள் திருத்தியது உங்கள் ஊகம். ஊகம் தப்பினால், மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதையே உண்மை என்று தன் குடும்ப மரத்தில் ஏற்றிவிடுவார். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் ஏற்றுவார்கள். எழுத்துத் திருத்தத்தில் எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். அதனால் அந்தந்தத் திட்டத்தின் வழிகாட்டியை முதலில் படித்துவிடுங்கள். யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு எழுத்து புரியவில்லை என்றால் கேள்விக்குறி, பல எழுத்துகள் புரியவில்லை என்றால் நட்சத்திரக்குறி போடுவது ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தின் வழக்கம். காகிதத்தில் அந்த இடமே காலியா, அல்லது எழுதியிருந்தும் படிக்க முடியவில்லையா என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. காலி என்றால் தேடுகிறவர் அங்கே நின்றுவிடுவார். படிக்க முடியவில்லை என்றால் மூலத்தைத் திறந்து பார்ப்பார்.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தப்பு எது?

என் கதையையே சொல்கிறேன். நான் செய்த முதல் தொகுதியில் விக்டோரியா மகாராணியை அமெரிக்கக் குடிமகளாக்கப் பார்த்தேன். வாசகம் இப்படிப் போகும்: "கிரேட் பிரிட்டன், அயர்லாந்து ராணி விக்டோரியாவுக்கான விசுவாசத்தை முற்றிலும் துறக்கிறேன்." அச்சிட்ட வரிகளுக்கு நடுவே கையால் எழுதிய பெயர் பளிச்சென்று தெரிந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன். சரிபார்த்தவர் என்னைவிட விவரமானவர், நல்லவேளை.

ஜெர்மன் காகிதங்களில் பேரரசர் வில்லியம் இதே வேலையைச் செய்வார். அங்கே ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் மனுதாரர் பெயரே வில்லியமாக இருக்கலாம். நீதிபதி பெயர், எழுத்தர் பெயர், சாட்சி பெயர் எல்லாமே ஒரே பக்கத்தில் ஒரே மையில் கிடக்கும். முதலில் முழுப் பக்கத்தையும் ஒரு தடவை படியுங்கள். அப்புறம் கட்டங்களை நிரப்புங்கள்.

கையெழுத்து படிக்கவே முடியவில்லையே?

பழகும். அதே பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லைப் பிடியுங்கள். மாதப் பெயர்கள் நல்ல உதவி. 'ஜனவரி', 'ஜூன்' என்று எழுத்தர் எழுதியதில் அவருடைய 'ஜே' எப்படி வளைகிறது என்று தெரிந்துவிடும். பிறகு பெயரில் வருவது 'ஜே'வா 'ஐ'யா என்று ஒப்பிடலாம். 'எல்', 'எஸ்' இரண்டும் பெரிய எழுத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 'டி' (T), 'எஃப்' (F) குழப்பமும் உண்டு. சிறிய 'யு', 'என்' இரண்டையும் பிரிப்பது சிலர் கையெழுத்தில் ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதிக் காகிதங்களில் நீண்ட 'எஸ்' என்று ஒரு எழுத்து வரும். 'எஃப்' போலவே இருக்கும். இரட்டை 'எஸ்' வரும் 'ராஸ்' என்ற பெயர் 'ராஃப்ஸ்' என்று தெரிவது இதனால்தான். பெயர்களைச் சுருக்கியும் எழுதுவார்கள்: வில்லியமுக்கு இரண்டே எழுத்து, சார்லஸுக்கு நான்கு. சுருக்கத்தை விரிக்க வேண்டுமா என்று வழிகாட்டியில் இருக்கும்.

மனுதாரரின் கையொப்பத்தை மறக்காதீர்கள். மனுவின் வாசகத்தை எழுத்தர் எழுதினார். கையொப்பம் அவர் கை. ஜெர்மானியர் தங்கள் பழைய எழுத்து முறையில் போட்டிருப்பார்கள். யூதர்கள் சிலர் எபிரேய எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. எழுதத் தெரியாதவர் பெருக்கல்குறி போட்டிருப்பார், நம் கைநாட்டு மாதிரி.

தேதியில் ஒரு எச்சரிக்கை நமக்கென்றே. நாம் நாளை முன்னால் எழுதுகிறோம், அமெரிக்கர்கள் மாதத்தை. 4/7/1890 என்றிருந்தால் அங்கே ஏப்ரல் 7. கை பழக்கத்தில் ஜூலை என்று அடித்துவிடும்.

குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று குழம்புகிறது.

குழம்பத்தான் செய்யும். தகப்பன் பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். குடும்பப் பெயர் என்ற யோசனையே நமக்கு இரவல். ஒரு விதத்தில் இது நல்லதும்கூட. கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. ஹங்கேரியரும் சீனரும் குடும்பப் பெயரை முன்னால் சொல்வார்கள். எழுத்தர் கேட்டபடியே எழுதிவைத்திருப்பார். பிள்ளைகளின் பெயரைப் பாருங்கள், எது பொதுவாக வருகிறதோ அதுதான்.

பிறந்த நாடு 'ஆஸ்திரியா' என்று இருக்கிறது, குடும்பமோ போலந்துக்காரர்கள் என்கிறது. எது சரி?

இரண்டும் சரி. முதல் உலகப் போருக்கு முன் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இன்று உக்ரைனில் லிவீவ் என்று இருக்கும் நகரம் ஆஸ்திரியர் காலத்தில் லெம்பர்க், போலந்துக்காரர் வாயில் லிவூஃப். காகிதத்தில் லெம்பர்க் என்றிருந்தால் லெம்பர்க் என்றே போடுங்கள். இன்றைய நாட்டைக் கண்டுபிடிப்பது தேடுகிறவர் வேலை.

பாட்டியின் பெயரைத் தேடுகிறேன், கிடைக்கவே இல்லை.

1922-க்கு முன் என்றால் பெரும்பாலும் கிடைக்காது. 1855 சட்டப்படி, குடிமகனை மணந்தாலோ, கணவர் குடிமகன் ஆனாலோ மனைவியும் தானாகவே குடிமகள். தனிக் காகிதம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். தகப்பன் குடிமகன் ஆனால் 21 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே. இதைவிடக் கொடுமை 1907 சட்டம்: அமெரிக்காவிலேயே பிறந்த பெண், வெளிநாட்டுக்காரரை மணந்தால் தன் குடியுரிமையை இழந்தாள். பிறந்த மண்ணிலேயே அந்நியர்.

1922 செப்டம்பர் 22-இல் வந்த கேபிள் சட்டம் மனைவியின் குடியுரிமையைக் கணவரிடமிருந்து பிரித்தது. அதற்குப் பிறகு பெண்கள் பெயரிலேயே மனுக்கள் வர ஆரம்பிக்கின்றன. அதற்கு முன்னால் பாட்டியைத் தேட வேண்டிய இடம் தாத்தாவின் மனு, 1906-க்குப் பிந்தையது என்றால். அதனால்தான் மனைவி, பிள்ளைகள் பெயர்களுக்குக் கட்டம் இருக்கும் திட்டங்களில் சோம்பல்படாமல் அதையும் நிரப்புங்கள் என்கிறேன். பல பெண்களுக்கு இந்தக் காகிதக் கட்டில் இருக்கும் ஒரே இடம் அதுதான்.

சவுண்டெக்ஸ் என்கிறார்களே, அது என்ன?

கணினிக்கு முந்தைய காலத்தின் அழகான தந்திரம். ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் காப்புரிமை வாங்கியது. பெயரை எழுத்துப்படி அடுக்காமல் ஒலிப்படி அடுக்குவது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியில் உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் கொடுப்பார்கள். மொத்தம் மூன்று எண். ஸ்மித், ஷ்மிட் இரண்டுமே எஸ்-530. எழுத்தர் எப்படி எழுதியிருந்தாலும் ஒரே இடத்தில் வந்து விழும்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கு அரசு கொடுத்த வேலைகளில் ஒன்று, 1906-க்கு முந்தைய குடியுரிமைக் காகிதங்களைப் படமெடுத்து, இந்த முறையில் அட்டைகளாக அடுக்குவது. நியூயார்க் நகரமும் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் பல மாநிலங்களும் முடிந்தன; மற்ற மாநிலங்களுக்குப் போவதற்குள் திட்டம் நின்றுவிட்டது. அந்த அட்டைகள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் பயன்பாட்டில் இருக்கின்றன.

முறையில் ஓட்டையும் உண்டு. முதல் எழுத்து மாறினால் எல்லாம் போச்சு. வேறு வேறு பெயர்கள் ஒரே எண்ணில் வந்து முட்டிக்கொள்வதும் உண்டு. முருகன் என்று ஆங்கிலத்தில் எழுதிப் போட்டுப் பார்த்தேன்: எம்-625. மோரிசனுக்கும் அதே எண்தான்.

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று குடும்பத்தில் சொல்கிறார்களே?

எல்லாக் குடும்பத்திலும் சொல்கிறார்கள். நியூயார்க் துறைமுகத்தில், கப்பலில் வந்தவர்களைச் சோதிக்கும் நிலையமாக 1892-இல் திறந்த அந்தத் தீவில் அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் தயாரித்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் பிறகு, அவரவர் விருப்பத்தில், வேலைக்காகவோ அக்கம்பக்கத்துக்காகவோ. 1906 சட்டம் குடியுரிமை பெறும்போதே சட்டப்படி பெயரை மாற்றிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. அதனால் ஒரே மனுவில் இரண்டு பெயர் இருக்கலாம். இரண்டையும் பெயரடைவில் ஏற்றுங்கள். கப்பல் பட்டியலுக்குப் போகப் பழைய பெயர் வேண்டும், மக்கள்தொகைக் கணக்குக்குப் போகப் புதிய பெயர் வேண்டும்.

இந்தியர்கள் யாராவது இந்தப் பதிவுகளில் வருகிறார்களா?

வருகிறார்கள், ஆனால் அது கசப்பான கதை. 1790 சட்டம் "சுதந்திரமான வெள்ளையர்" என்று வரம்பு போட்டது. 1870-இல் ஆப்பிரிக்க வம்சத்தவரைச் சேர்த்தார்கள். ஆசியர்கள் வெளியே. "நாங்கள் ஆரியர், எனவே வெள்ளையர்" என்று வாதாடிச் சில இந்தியர்கள் கீழ் நீதிமன்றங்களில் குடியுரிமை வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் பகத் சிங் திந்த், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 1920-இல் ஆரிகனில் கிடைத்த குடியுரிமையை 1923 பிப்ரவரி 19-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பறித்தது. சாமானியர் பேச்சில் இந்தியர் வெள்ளையர் அல்ல என்றது நீதிமன்றம். அதைக் காட்டி, ஏற்கெனவே குடிமக்கள் ஆகியிருந்த மற்ற இந்தியர்களின் குடியுரிமையையும் ரத்து செய்யக் கிளம்பினார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான புதிய சட்டத்தின் வழியாக 1936-இல்தான் திந்த் மறுபடி குடிமகன் ஆனார்.

1946 ஜூலை 2-இல் லூஸ்-செல்லர் சட்டம் இந்தியர்களுக்குக் கதவைத் திறந்தது. புதிதாக வருவதற்கு வருடத்துக்கு நூறு பேர் என்ற அளவில். இனத் தடை முழுக்க நீங்கியது 1952-இல். ஆகவே அந்த ஆண்டுகளுக்கு முந்தைய இந்தியப் பெயர் ஒன்று கண்ணில் பட்டால் பக்கத்தின் ஓரங்களையும் பாருங்கள்; பின்னால் சேர்த்த குறிப்பு ஏதாவது இருக்கலாம்.

பெயரடைவில் இல்லை என்றால் அவர் குடியுரிமை வாங்கவில்லை என்று அர்த்தமா?

இல்லை. 1900 முதல் 1930 வரையான மக்கள்தொகைக் கணக்கை முதலில் பாருங்கள். குடியுரிமை பெற்றவர், முதல் காகிதம் போட்டவர், அந்நியர் என்று மூன்று சுருக்கக் குறிகள் இருக்கும். 1920 கணக்கு குடியுரிமை கிடைத்த வருடத்தையே கேட்டது. ஆனால் பதில் சொன்னது பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

முதல் காகிதத்தோடு நின்றவர்களும் ஏராளம். 1862 குடியேற்ற நிலச் சட்டப்படி அரசு நிலத்துக்கு விண்ணப்பிக்க அதுவே போதும். சில மாநிலங்களில் ஓட்டுப் போடவும் போதும். ஆனால் நிலத்துக்குக் கடைசிப் பட்டா வாங்கக் குடியுரிமை தேவை. அதனால் நிலக் கோப்பிலேயே குடியுரிமைக் காகிதத்தின் நகல் கிடைப்பது உண்டு. நீதிமன்றமே எரிந்துபோன ஊர்களுக்கு இது கைகொடுக்கும்.

1906 செப்டம்பர் 27 முதல் 1956 மார்ச் வரை என்றால் வாஷிங்டன் பிரதி இருக்கிறது. குடியுரிமை, குடிவரவுச் சேவைகள் துறையின் குடும்ப வரலாற்றுப் பிரிவில் கட்டணம் கட்டிக் கேட்கலாம். பிறந்து நூறு வருடம் ஆகாதவர் என்றால் இறப்புச் சான்று கேட்பார்கள்.

இப்போது கணினியே கையெழுத்தைப் படிக்கிறதே, மனிதர்கள் எதற்கு?

படிக்கிறது, நன்றாகவே. 1950 மக்கள்தொகைக் கணக்கு 2022 ஏப்ரல் 1 அன்று வெளியானபோது முதல் பெயரடைவைக் கணினிதான் தயாரித்தது. தன்னார்வலர் வேலை இப்போது அதைச் சரிபார்ப்பதாக மாறிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் ஒரு சின்னப் பயம் உண்டு. கணினி கொடுத்த பெயர் ஏற்கெனவே திரையில் இருந்தால், கண் அதையே படித்துவிடும். நான் முதலில் படத்தை மட்டும் பார்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன், அப்புறம்தான் கணினி சொன்னதைப் பார்ப்பேன்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா?

முடியும். கணக்கு தொடங்க ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். ஆங்கிலக் கூட்டெழுத்து படிக்க வர வேண்டும். பணம் கிடையாது.

ஏற்கெனவே இருக்கும் பெயரடைவில் தப்பைக் கண்டுபிடித்தால்?

தளத்தைப் பொறுத்தது. ஃபேமிலிசர்ச்சில் பல பதிவுகளை உறுப்பினரே திருத்தலாம்; ஆன்செஸ்ட்ரியில் மாற்று வாசிப்பாகச் சேர்க்கலாம், பழையதும் கூடவே இருக்கும். எங்கே ஆனாலும் மூலப் படத்தைத் திறந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள். சரியாக இருந்த ஒரு பெயரை, "எங்கள் வீட்டில் இப்படித்தான் எழுதுவோம்" என்று ஒருவர் மாற்றிவிட்டுப் போயிருந்தார். படத்தைப் பார்த்துப் பழையபடி ஆக்கிவைத்தேன். அடுத்த மாதம் போனால் மறுபடி மாறியிருந்தது.